தேஜோ விராவானைத் தினமும் ஜெயித்தவன்

போன்ல பேசினதக் கேட்டேன் தம்பி. தமிழ்தானே? ஊரு கரூரு, இங்க பாமாயில் மில்லுக்கு மெஷின் பூட்ட வந்திருக்கீங்க. ஒட்டுக்கேக்கல, பக்கத்து சீட்டுல சத்தமாப் பேசினா காதுல விழத்தான் செய்யும். நான் இந்த மேடான் ஊர்தான். புகையிலைத் தோட்டத்துக்குக் கூலியா வந்த வம்சம். கொள்ளுத் தாத்தா கப்பலேறி வந்தாரு, அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் போகல. பேரு தண்டபாணி. ஜகார்த்தாவுல டண்டின்னு கூப்பிடுவாங்க, அவங்க வாய்க்கு அவ்வளவுதான் வரும்.

ஏர்போர்ட்டுல இருந்து இந்தப் பஸ்ல ஊருக்குள்ள போக ஒரு மணி நேரம்னு சொல்லியிருப்பாங்க. இந்த மழைக்கு ரெண்டு மணி ஆகும். நல்லா சாஞ்சு உக்காருங்க.

இது ராக்கெட் பை. பேட்மின்டன். நீங்க ஆடினதுண்டா? இல்லையா? நல்லதாப் போச்சு. ஆடினவன்கிட்ட சொன்னா நடுவுல புகுந்து அவன் கதைய ஆரம்பிச்சுருவான்.

தேஜோ விராவான்னு பேரு கேள்விப்பட்டதில்ல? சத்தமாச் சொல்லாதீங்க, டிரைவர் இறக்கி விட்டுருவான். ரெண்டு தடவை உலகச் சாம்பியன். இங்க நூடுல்ஸ் பாக்கெட்ல அவன் மூஞ்சி, பல்விளக்குற பேஸ்ட்ல அவன் மூஞ்சி. பொறக்கிற பிள்ளையில பாதிக்குத் தேஜோன்னு பேரு வெச்சுட்டானுங்க. நேத்து சாயங்காலம் ஜகார்த்தாவுல அவனுக்கு வழியனுப்பு ஆட்டம். முப்பத்தாறு வயசாச்சாம், ஓய்வாம். ஸ்டேடியம் நெறைய ஜனம். கடைசியா ஒரு செட்டு ஆடினான். யாரோடன்னு கேளுங்க.

என்னோட. ஜெயிச்சது யாருன்னு கேளுங்க. நான்தான். இருபத்தொண்ணு பத்தொம்பது.

என்ன அப்படிப் பாக்குறீங்க? நாப்பத்தஞ்சு வயசு, தொந்தி, ஒரு முட்டி வீங்கிக் கெடக்கு. அப்படியும் ஜெயிச்சேன். ஏன்னா நான் அவனத் தினமும் ஜெயிச்சவன். இது யாருக்கும் தெரியாது. எந்தப் பேப்பர்லயும் வராது.

அந்தா, முன்னால நாலாவது வரிசையில, ஜன்னலோரம் சிவப்புச் சட்டை. அது என் மக ரத்னா. பதினஞ்சு வயசு. பக்கத்துல சீட்டு காலியாத்தான் இருக்கு. ஏன் நான் இங்க வந்து உங்ககிட்ட உக்காந்திருக்கேன்னு நீங்க கேக்கல, ஆனா நெனச்சிருப்பீங்க. சொல்றேன்.

ஸ்பாரிங்னு ஒரு வேலை இருக்கு தம்பி. சாம்பியன் தினமும் பயிற்சி எடுக்கணுமே, சுவத்தோடயா ஆடுவான்? எதிர்ல நிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளுதான் ஸ்பாரிங். அடுத்த வாரம் டென்மார்க்காரனோட போட்டின்னா நான்தான் டென்மார்க்காரன். சீனாக்காரன்னா நான் சீனாக்காரன். அவன் எந்தக் கையால ஆடுவானோ அந்தக் கை, எந்த மூலையில தட்டுவானோ அந்த மூலை. வீடியோவப் போட்டுப் போட்டுப் பாத்துப் பழகணும். ஒருத்தன் சர்வீஸ் போடுறதுக்கு முன்னால மூக்கத் துடைப்பான்னு நானும் துடைச்சிருக்கேன். ஒன்பது வருஷம் ஜகார்த்தா பயிற்சி முகாம்ல எல்லா நாட்டுக்காரனாவும் இருந்தேன். தண்டபாணியா ஒரு நாள்கூட ஆட விடல.

தேஜோ வந்தப்ப அவனுக்குப் பதினெட்டு வயசு. ஜாவாவுல மகெலாங் பக்கத்துப் பையன். காலு ரெண்டும் குச்சி. எனக்கு அப்ப இருபத்தேழு. என்னை மாஸ், மாஸ்னு கூப்பிடுவான். அவங்க பாஷையில அண்ணன்னு அர்த்தம். மரியாதையெல்லாம் பலமாத்தான் இருக்கும். ஆட்டம்?

பத்து நாள் ஆடினா ஏழு நாள் நான்தான் ஜெயிப்பேன். சத்தியமாச் சொல்றேன். சில நாள் அவன் ஸ்மாஷே அடிக்க மாட்டான். பயம். நான் தலைக்கு மேல அழகாத் தூக்கிக் குடுப்பேன், அடிச்சு நொறுக்க வேண்டியதுதானே? மாட்டான். வலைக்குப் பக்கத்துல மெதுவாத் தட்டி விடுவான். சில நாள் பேக்ஹேண்டுலயே, புறங்கையாலயே ஆடுவான். வலது பக்கம் வர்றதக்கூட சுத்தி ஓடிப் போய் பேக்ஹேண்டுல எடுப்பான். சின்னப் பிள்ளைக்குத் தெரியும் அது தப்புன்னு. ஒரு மாசம் முழுக்க மணல் ரொப்பின அங்கி ஒண்ண மாட்டிட்டு வந்து நின்னான். அதோட தொங்கித் தொங்கி ஓடுறான், நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைக்கழிச்சு விட்டேன். பைத்தியக்காரப் பய.

கோச் பேரு பாக் ஹர்ஜோ. பாக்னா நம்ம ஐயா மாதிரி. தினமும் காலையில தேஜோவத் தனியாக் கூப்பிட்டு காதுல ஏதோ ஓதுவாரு. அவன் தலைய ஆட்டுவான். அப்புறம்தான் என்னைக் கூப்பிடுவாங்க. எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்ல. பயந்த பையனுக்குத் தைரியம் சொல்றாருன்னு நெனச்சுக்குவேன்.

இப்படி ஆடுறவன் வெளிநாடு போனா கப்போட வருவான். எப்படி? அதான் தம்பி எனக்கு இன்னிக்கும் புரியாத விஷயம். அதிர்ஷ்டம். எதிர்ல வர்றவனுக்கு வயித்துவலி. இல்லேன்னா நான் குடுத்த பயிற்சி. நோகாம நொங்கு தின்ன பய அவன்.

அந்த முகாம்ல ஒரு வழக்கம். போட்டிக்கு விமானம் ஏறுறதுக்கு முந்தின நாள் கடைசி செட்டு இருக்குல்ல, அது ஊருக்குப் போறவனுக்கு. ஸ்பாரிங் தோத்துரணும். மனசு தெம்பாப் போகணுமாம். வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டாங்க. பாக் ஹர்ஜோ துண்ட எடுத்துத் தோள்ல போட்டாருன்னா போதும், எனக்கு விளங்கிரும். நானும் வலையில ரெண்டு, வெளிய நாலுன்னு விட்டுக் குடுத்து, மூச்சு வாங்குற மாதிரி நடிச்சு, கை குலுக்கி அனுப்பி வைப்பேன். அடுத்த நாள் பேப்பர்ல போடுவான், விராவான் நல்ல ஃபார்ம்ல இருக்காருன்னு.

ஒன்பதாவது வருஷம் உலகச் சாம்பியன் போட்டி. மொத தடவை ஜெயிச்சுட்டு ரெண்டாவதுக்குப் போறான். அப்பப் பாத்து வீட்டம்மா ரத்னாவக் கூட்டிட்டு ஜகார்த்தா வந்திருந்தா. புள்ளைக்கு ஆறு வயசு. வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் என்னைப் பாக்கும். பெஞ்சுல உக்காந்து காலாட்டிட்டு ஆட்டத்தப் பாக்குது. பாக் ஹர்ஜோ துண்ட எடுத்துத் தோள்ல போடுறாரு.

எம்புள்ள அப்பன் தோக்குறதப் பாக்கவா மேடான்ல இருந்து வந்துச்சு? நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

இருபத்தொண்ணு பதினொண்ணு. கிழிச்சு எறிஞ்சேன். ரத்னா எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. ஹால்ல வேற யாரும் தட்டல. பாக் ஹர்ஜோ துண்ட மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டு வெளிய போயிட்டாரு. தேஜோ வந்து கை குலுக்கி, "நல்லா ஆடினீங்க மாஸ்"னு சொல்றான். வெக்கமே இல்ல. தோத்தவனுக்கு வர்ற கோபம்கூட வரல பாருங்க.

போனான், உலகப் பட்டத்தோட வந்தான். அவன் வந்து இறங்குற அன்னிக்கு என் பெட்டி முகாம் வாசல்ல இருக்கு. வழக்கத்த மீறினவனுக்கு இங்க எடமில்லன்னு பாக் ஹர்ஜோ சொல்லிட்டாரு. தேஜோ ஏர்போர்ட்ல இருந்தே போன் பண்ணினான். "நான் பேசுறேன் மாஸ், நீங்க போகாதீங்க"ன்னான். என்னத்தப் பேசினானோ. பேசியிருந்தா நான் ஏன் மேடான்ல ரெண்டு கோர்ட் இருக்கிற ஹாலுக்குச் சாவி வெச்சுட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டு, ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிட்டு உக்காந்திருக்கேன்?

வருஷா வருஷம் ஒரு அட்டைப்பெட்டி அனுப்புவான். முகாம்ல ஒரு தடவை அடிச்ச இறகுப் பந்துங்க, கொஞ்சம்கூட நையாதது. உள்ள ஒரு சீட்டு, "ரத்னாவுக்கு." பிச்சை போடுறான். வாங்கி ரத்னாவுக்குக் கத்துக்குடுத்தேன், பந்து மேல என்ன கோபம். ஒன்பது வருஷம் நான்தான் கத்துக்குடுத்தேன். இன்னிக்கு மேடான்ல அவ வயசுல அவள ஜெயிக்க ஆளில்ல. பையன்களே பயப்படுவானுங்க.

போன மாசம் தேஜோ போன் பண்றான். கடைசி ஆட்டத்துக்கு யாரு வேணும்னு கேட்டாங்களாம். டென்மார்க்காரனக் கூப்பிடவா, சீனாக்காரனக் கூப்பிடவான்னாங்களாம். "ரெண்டும் வேணாம், ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஆளா வெச்சிருக்கேன், டண்டி அண்ணன் வரட்டும்"னு சொன்னானாம். வேடிக்கை பேச்சு. எனக்கும் ஒரு கணக்கு இருந்துச்சு. சரின்னேன். ரத்னாவையும் கூட்டிட்டுப் போனேன், அவ பாக்கட்டும்னு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. மொத அஞ்சு பாயின்ட் அவனுக்குப் போச்சு. உண்மையச் சொல்றேன், பந்து எனக்குத் தெரியல. லைட்டு கண்ணுல நேரா அடிக்குது, அவ்வளவு லைட்டு போடுவானா ஒருத்தன்? ராக்கெட் சத்தம் கேக்குது, திரும்பிப் பாத்தா பந்து எனக்குப் பின்னால கெடக்கு. நான் குனிஞ்சு முட்டியப் புடிச்சுட்டு நின்னேன். அவன் வலைக்கு அந்தப் பக்கம் என்னையே பாத்துட்டு நின்னான். அதுக்கப்புறம் பாருங்க, ஆள் அடங்கிட்டான். மூச்சு தீந்து போச்சு. வயசாச்சுல்ல. பழையபடி வலைக்குப் பக்கத்துல மெதுவாத் தட்டுறான், உசரமாத் தூக்கிக் குடுக்குறான். விடுவேனா? கடைசிப் பாயின்ட் நான் அடிச்சதும் என் கையப் புடிச்சு மேல தூக்கிக் காட்டினான். ஸ்டேடியமே எந்திரிச்சு நின்னுச்சு. எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. ஒன்பது வருஷம் பூட்டின ஹாலுக்குள்ள நான் செஞ்சத மொத தடவையா ஜனம் பாத்துச்சுல்ல.

உள்ள வந்து ரத்னாகிட்டக் கேக்குறேன், "பாத்தியா அப்பாவ?" அது தரையப் பாக்குது.

"அப்பா, அவரு உங்கள ஜெயிக்கணும்னு ஆடல."

"அஞ்சு பாயின்டுல அவன் கதை முடிஞ்சு போச்சு பாப்பா. நீ என்னத்தக் கண்ட?"

"முகாம்லயும் அப்படித்தான்பா. அவரே சொன்னாரு. கோச் தினமும் ஒரு சட்டம் போடுவாராம், இன்னிக்கு ஸ்மாஷ் கூடாது, இன்னிக்கு பேக்ஹேண்டு மட்டும்னு. அதுலயும் ஜெயிக்கப் பாருன்னு சொல்லுவாராம். 'உங்கப்பாகிட்ட அந்தச் சட்டத்தோட ஆடி ஜெயிக்கவே முடியாது, அதனாலதான் வெளிய போய் எல்லாரையும் ஜெயிச்சேன்'னாரு. உங்களப் பெருமையாத்தான்பா சொன்னாரு."

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பதினெட்டு வருஷம் கழிச்சுச் சாக்கு கண்டுபுடிச்சிருக்கான், அதையும் எம்புள்ள காதுல ஊத்தியிருக்கான். ஆட்டத்துக்கு முன்னால பத்து நிமிஷம் அவளோட பந்து தட்டினான், அப்பத்தான் இந்த வேலை. தட்டி முடிச்சுட்டு என்கிட்ட வந்து, "மாஸ், நான் புதுசா பயிற்சிக்கூடம் ஆரம்பிக்கிறேன், ரத்னாவ அனுப்புங்க, ரெண்டு வருஷம் குடுங்க"ங்கிறான். தங்க எடம், பள்ளிக்கூடம் எல்லாம் அவனே பாத்துக்குவானாம். அப்பா கையெழுத்து மட்டும் வேணுமாம். படிவத்தக் கையில திணிச்சுட்டான்.

என்னைத் தினமும் ஜெயிக்க முடியாதவன் எம்புள்ளைக்கு என்ன கத்துக் குடுப்பான்? முடியாதுன்னுட்டேன். இவ ராத்திரிச் சோறு திங்கல. சரி, அழுதுட்டுக் கெடந்தா பேச்சு முடியாதுன்னு நானே சொன்னேன், "காலையில ஸ்டேடியம் பக்கத்து ஹால் தொறந்திருக்கும். ஒரு செட்டு. என்னை ஜெயிச்சுட்டன்னா போ. இல்லேன்னா வீட்டுக்கு வா, மறுபேச்சு கூடாது." இவளும் தலைய ஆட்டினா.

அதுல நியாயம் இருக்குல்ல தம்பி? கெழட்டு அப்பனையே ஜெயிக்க முடியாதவ ஜகார்த்தாவுல போய் யாரக் கிழிக்கப் போறா?

இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு ஆடினோம். நேத்து ஆட்டத்துல முட்டி இன்னும் வீங்கியிருந்துச்சு, காட்டிக்கல. இவ நல்லாத்தான் ஆரம்பிச்சா. மூலைக்கு மூலை ஓட விட்டா. பதினாலு ஒன்பதுன்னு மேல போயிட்டா. அப்ப பின்னால போற பந்த எடுக்கத் திரும்பினேன், முட்டி மடங்கி அப்படியே உக்காந்துட்டேன். ஓடி வந்தா. "அப்பா போதும்பா"ன்னா. போதுமாவது. தள்ளுடீன்னு எந்திரிச்சேன். அதுக்கப்புறம் பாக்கணுமே என் ஆட்டத்த. பன்னெண்டு பாயின்ட் எடுத்தேன், அவ மூணு. இருபத்தொண்ணு பதினேழு.

அழல. பைய எடுத்துக்கிட்டா. விமானத்துல தண்ணி வேணுமான்னு கேட்டேன், வேணாம்னா. அவ்வளவுதான் பேச்சு. ரோஷம். தோத்தா ஒத்துக்கணும்ல?

இவ முன்ன இப்படி இல்ல. பதினாலு வயசுல என்னை ரெண்டு தடவை ஜெயிச்சா, தெரியுமா? ரெண்டு தடவையும் வீடு பூராக் குதிச்சா. அதுக்கப்புறம் நான் மோட்டார் சைக்கிள்ல இருந்து விழுந்து முட்டி போச்சு, மூணு மாசம் ஆடல. திரும்ப வந்தப்புறம் ஒரு தடவைகூட ஜெயிக்கல. சோம்பேறித்தனம். வளந்துட்டாள்ல.

என்ன கேட்டீங்க?

பதினாலு ஒன்பதுல இருந்து எப்படித் தோத்தாள்னா? சொன்னேனே, விழுந்து எந்திரிச்சப்புறம் என் ஆட்டமே வேற.

பந்தெல்லாம் எங்க போட்டாளா? எனக்குத்தான். வலது கைக்கு. எல்லாமே வலது கைக்கு. நான் நின்ன எடத்துல நின்னே அடிச்சேன், ஒரு அடி நகரல. முட்டாள்தனமான ஆட்டம். ஆறு வயசுல இருந்து தலையில குட்டிக் குட்டிச் சொல்லியிருக்கேன், ஆள் இல்லாத எடத்துல போடுடீ, ஆள் இல்லாத எடத்துல போடுடீன்னு. எந்தப் பிள்ளையோட ஆடினாலும் அதத்தான் செய்றா. என்கிட்ட மட்டும்தான் இப்படி. வீட்டுலயும் ஒரு வருஷமா இப்படித்தான்...

நீங்க பேட்மின்டன் ஆடினதில்லன்னுதானே சொன்னீங்க?

ஒண்ணும் இல்ல தம்பி. கொஞ்சம் சாஞ்சுக்குங்க, அவள எட்டிப் பாத்துக்குறேன்.

தோக்குறது இருக்கே, அது பழகிரும். அதான் அதுல மோசம். முகாம்ல மொத தடவை அந்த ஆளு துண்டத் தோள்ல போட்டப்ப எனக்குக் கை நடுங்குச்சு. எந்தப் பந்த விடுறதுன்னு தெரியாம ரெண்டு பாயின்ட் தப்பா ஜெயிச்சுட்டேன். அடுத்த வருஷம் சோறு திங்கும்போதே யோசிச்சு வெச்சுருவேன், இத வலையில விடணும், அத வெளிய விடணும்னு. யாரும் கண்டுபுடிக்க முடியாது. அவ்வளவு நேர்த்தி வந்துருச்சு.

இவளுக்கு இன்னிக்குக் காலையில கை நடுங்கல. நான் பாத்தேன். அந்தப் படிவம் அவ போறதுக்கு இருந்த ஒரே வழி. அது தெரிஞ்சும் பன்னெண்டு பாயின்ட் என் கையில கொண்டாந்து கொண்டாந்து வெச்சா. பதினஞ்சு வயசுல எனக்கே தெரியாம அவ்வளவு அழகாத் தோக்குறா.

 

தேஜோ மேல எனக்கு ஒண்ணும் மதிப்பு வந்துரல, தப்பா எடுத்துக்காதீங்க. அவன் நேத்து தோத்தது நெசமாத் தோத்தான். எட்டாயிரம் பேர் பாத்தாங்க. அந்தப் பய ஒண்ணும் கத்துக்குடுக்கப் போறதில்ல. ஆனா அங்க இவ வயசுப் பொண்ணுங்க இருப்பாளுங்க. அவளுங்களுக்கு முட்டி நல்லா இருக்கும். இவ அவளுங்கள அடிக்கட்டும். என்கூட இருந்தா இவ ஸ்பாரிங்காத்தான் வருவா. ஒரு வீட்டுக்கு ஒரு ஸ்பாரிங் போதும்.

பையோட சைடு ஜிப்பத் தொறங்க, உங்க பக்கம்தான் இருக்கு. மடிச்சு வெச்ச படிவம். கசங்கியிருக்கா? பரவாயில்ல. பேனா இருந்தா குடுங்க. பஸ் நிக்கிறப்பவே போட்டுர்றேன், ஓட ஆரம்பிச்சா மனசு மாறிரும்.